பதிவேட்டின் ஓரத்தில் சந்திராவின் தேதிகள்

பட்டினச்சேரி சந்திராவுக்கு இரண்டு பிள்ளைகள். பாரதிப்ரியாவுக்கு ஏழு வயது, அன்பழகனுக்கு ஐந்து. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, இருவரையும் கடல் கொண்டுபோயிற்று. அன்பழகன் பிறந்த மூன்றாம் நாளே அவள் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தாள்.

2005 செப்டம்பரில், வெட்டிய கருக்குழாய்களை மீண்டும் இணைக்கும் அறுவை அவளுக்கு நடந்தது. அப்போது வயது முப்பது. மாதாமாதம் இன்னின்ன நாள்களில் கணவன் வீட்டில் இருக்கவேண்டும் என்று டாக்டர் கணக்குச் சொல்லி அனுப்பினார். மணிவேல் விசைப்படகில் போகிறவன். போனால் ஐந்து நாள், சில சமயம் எட்டு.

படகுகள் புறப்படுவதையும் திரும்புவதையும் எழுதுவது என் வேலை. மீன் கூடையுடன் துறைக்கு வரும் சந்திரா, என் முகம் பார்க்காமல், "ஐயா, இந்த மாசம் பன்னெண்டுலேருந்து பதினாறு" என்பாள். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். படகேறுமுன் மணிவேல் வந்து அதை எட்டிப் பார்ப்பான்.

"என்ன மாமா, முகூர்த்தம் பாத்தாச்சா? அப்புடியே மீனுக்கும் ஒரு நாள் குறிச்சுக்கிட்டு வாங்க!" என்று அதே படகில் போகும் நீலமேகம் மணிவேலைப் பார்த்துக் கத்துவான். மணிவேலும் சிரிப்பான்.

இருபத்தைந்து மாதங்களில் ஒன்பதில்தான் குறித்த நாள்களும் அவன் கரையிலிருந்த நாள்களும் பொருந்தின. அவற்றில் நான்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தவை.

2007 ஐப்பசியில் மாமியார் பவுனம்மாள் ஏலக் கொட்டகையில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: "ரெண்டு பெத்தவதான், இல்லேங்கல. இப்ப கையில யாரு இருக்கா? எம் மவனுக்கு முப்பத்தாறுதான் ஆவுது. சித்திரை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற பொண்ணு பாத்துடுவேன்."

சந்திரா சங்கரா மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே மணிவேல் விசைப்படகை விட்டு, அன்றாடம் கரை திரும்பும் ஃபைபர் படகில் சேர்ந்தான். வருமானம் பாதிதான். ஆனால் அதன்பின் ஒரு தேதியும் தவறவில்லை.

2008 ஜனவரி 22, செவ்வாய். சந்திரா கூடை இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் தனியாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள்.

"ரெண்டு குழாயும் தச்ச எடத்துலயே மறுபடி அடைச்சுப்போச்சாம் ஐயா. இன்னொரு தடவ தைக்க முடியாதுன்னுட்டாங்க."

"எப்ப அடைச்சுதாம்?"

"அது அவுங்களுக்கே தெரியாதாம்."

பதிவேட்டைப் புரட்டினேன். குறித்த தேதிகளில் எதுவரை பயனிருந்தது என்பதை அதில் கண்டுபிடிக்க வழியில்லை.

"மணிவேலுகிட்ட சொல்லலியாம்மா?"

"சொன்னா அவுங்க அம்மா சித்திரை வரைக்கும்கூட நிக்க மாட்டாங்க. அவரும் பாவம், ஃபைபர்ல போறாரே ஐயா." எழுந்தவள் நின்றாள். "அடுத்த மாசம் ஏழுலேருந்து பதினொண்ணு. எழுதிக்குங்க."

எழுதினேன்.

பிப்ரவரி 7, வியாழன். ஃபைபர் படகு திரும்பிய நேரம் காலை 9.40. மற்றவர்கள் வலையிலிருந்து மீனைக் கழற்றத் தொடங்குமுன்பே மணிவேல் குதித்துக் கரையேறினான்.

"ஏழாந் தேதிங்க ஐயா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஈர லுங்கியுடன் வீட்டை நோக்கி வேகமாக நடந்தான்.