அண்ணனைவிட இளைய மாமா

என் அண்ணன் மாமாவைவிட மூத்தவன். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தாயும் மகளும் ஒரே ஆண்டில் பிள்ளை பெறுவது அன்றைக்கு எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் வேடிக்கை இல்லை. அம்மாவைப் பெற்றவள் அந்தப் பிரசவத்தோடு கண்ணை மூடிவிட, அம்மா தன் பிள்ளையையும் தன் தம்பியையும் மடியின் இரண்டு பக்கமும் போட்டு வளர்த்தாள். ஆக எங்கள் வீட்டில் பெரியவன் 'அவன்', சின்னவர் 'அவர்'. முறை என்று ஒன்று இருக்கிறதே!

இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே தறி. பள்ளிக்குப் போகுமுன் கோர்வைப் புடவையில் உட்காருவார்கள். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒருவர் உடலை நெய்தால், இடப்பக்கக் கரைக்கு நாடா என்கிற நூல்கட்டையை எறிய இன்னொருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். இரண்டு நிறத்து இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டதும் அண்ணன் "மாமா" என்பான். மாமாவின் கையிலிருந்து நாடா பாயும். தலை நிமிர மாட்டார். வேறு பேச்சும் கிடையாது. காலை முழுக்க "மாமா", "மாமா" என்று கேட்டுக்கொண்டே நான் பல் துலக்குவேன்.

பட்டணத்தில் படித்துவிட்டு வந்த டிரில் வாத்தியார் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தபோதுதான் வீட்டில் சனி புகுந்தது. மைதானத்தில் இரண்டு பனந்துண்டுகளை நட்டு, கொல்லரிடம் இரும்பு வளையம் அடித்து மாட்டி, பாஸ்கெட் பால் என்றார். பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் பந்தைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டு வந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவனுக்குக் கார்டு என்று பெயர். "ரயிலுக்கு இருப்பானே, அந்த மாதிரியா? பச்சைக் கொடி காட்டிக்கினு நிப்பானா?" என்று அம்மா கேட்டாள்.

செங்கல்பட்டுப் பள்ளியோடு ஆட்டம் என்று ஏற்பாடானது. நான்கு பேரை வாத்தியார் சுலபமாகப் பொறுக்கிவிட்டார். கார்டுக்கு மட்டும் இரண்டு பேர் நின்றார்கள்; இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சோறு. அண்ணன் வேகம். பந்து அவன் முழங்காலுக்கு மேலே எழும்பாது. எலி மாதிரி நாலு பேர் காலுக்கு நடுவே புகுந்து போவான். ஆனால் புகுந்த பிறகு கூட ஆடுகிறவர்கள் உயிரோடு இருப்பதே அவனுக்கு மறந்துவிடும். மாமா நிதானம். ஓட்டத்தில் அண்ணனுக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். ஆனால் பந்தைப் பார்க்கவே மாட்டார். யார் எங்கே நிற்கிறான் என்பது அவருக்குக் காதாலேயே தெரியும் போலிருக்கும். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்கிறவர்கள் கூடக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, இவனா அவரா என்று வழக்காடினார்கள். நான் அண்ணன் கட்சி. அவன் எனக்குப் பட்டாணி வாங்கித் தருவான்.

செங்கல்பட்டுக்குத் தம்முடைய பட்டணத்து ஆசிரியர் வருவதாகவும், கார்டாக ஆடுகிறவனை அவரிடம் காட்டி உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடப் போவதாகவும் வாத்தியார் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அது ஒரு பெருமை, அவ்வளவுதான். அப்பாவின் தறி எப்படியும் அவனுக்கு. மாமாவுக்கு அப்படி இல்லை. அடுக்களையில் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"பட்டணம் போயிட்டா நானும் டிரில் வாத்தியாராயிடுவேங்கா. என் சோத்த நானே துன்னுவேன்."

"இங்க யார்ரா உன் சோத்தக் கணக்கு பாத்தாங்க?" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அதனால் தேர்வு ஆட்டத்துக்குத் தெருவே மைதானத்தில் கூடிவிட்டது. மாமா ஒரு பக்கம், அண்ணன் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் சமமாக நிற்க, அடுத்த கூடை விழுகிற பக்கத்துக் கார்டுதான் செங்கல்பட்டில் இறங்குவான் என்று வாத்தியார் அறிவித்தார். பந்து மாமாவிடம் இருந்தது. வளையத்தின் கீழே அவர் பக்கத்துப் பையன் தனியாக, கையை நீட்டிக்கொண்டு நின்றான். கொடுத்தால் முடிந்தது. அண்ணன் மூச்சிரைக்க இடப்பக்கமாக ஓடிவந்து கத்தினான்.

"மாமா!"

மாமாவின் கை கேட்டுக்கொண்டது. தலை நிமிரவில்லை. பந்து இடப்பக்கம் பாய்ந்து அண்ணன் மார்பில் போய் விழுந்தது. அண்ணனே ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு மறுகோடிக்கு ஓடிக் கூடையில் போட்டுவிட்டான்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. தறிக்காரன் அல்லாத எவனும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முகம் மட்டும் வெளுத்திருந்தது. "சாமி சத்தியமா நான் ஏமாத்தல மாமா, வாயில தானா வந்துடுச்சு" என்றான். "உன் வாய் மாதிரிதான் என் கையும். உடுடா" என்று மாமா அவன் முதுகில் தட்டினார். செங்கல்பட்டில் எங்கள் பக்கம் தோற்றுத் திரும்பியது. பட்டணத்துக்கு யாரும் போகவில்லை.

அன்று மாலை வீட்டில் நான்தான் ராணி. மாமாவாகவும் அண்ணனாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினேன். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். பக்கத்து வீட்டார் வந்து இன்னொரு தரம் செய்யச் சொன்னார்கள். அம்மா எல்லோர் கையிலும் வெல்லக்கட்டி வைத்துக்கொண்டே வந்தாள். மாமா கையிலும் வைத்தாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். அம்மா தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுவுற? நம்ம அண்ணன்தானே ஜெயிச்சுது?"

"ஆமாம்மா. என் புள்ளதான் ஜெயிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

பிள்ளை ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கூடத்தில் போய்ச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். தோற்றுப்போனவருக்கும் அந்த வீட்டில் அழ ஓர் ஆள் வேண்டும் என்பதும், அது அவள் ஒருத்திதான் என்பதும் எனக்கு அன்று தெரியவில்லை.