சந்தனமேரி விழுங்காத மாத்திரைகள்

போன வியாழக்கிழமை பெல்மதுளை டவுனில் ஒரு பாமசி. எனக்கு முன்னால் நின்ற பெண், கடைக்காரர் நீட்டிய பாக்கெட்டை அங்கேயே பிரித்தாள். ஒரு மாத்திரையை எடுத்து மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு?"

"டொக்டர் எழுதினதுதாம்மா."

"அவரு எழுதிட்டாரு. என்னத்துக்குன்னுதான் கேக்குறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் ஒருவர், "விஷம்னு நெனச்சிட்டாங்க போல" என்று முணுமுணுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் நானும் இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்துச் சிரித்தவள்தான். சிரிப்பை நிறுத்தியவள் பெயர் சந்தனமேரி.

உங்களில் பலருக்குத் தெரியும் — இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன் நான் தோட்டத்து மிட்வைஃப். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எல்லோரும் என்னை 'மிஸி' என்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சிவப்புப் பூச்சுப் பூசிய மாத்திரை. பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். "ஒரு நாளைக்கு ஒண்ணு, மறக்காம போடுங்க" என்று சொல்லி, கார்டில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிடுவேன். அதோடு என் கடமை முடிந்தது!

சந்தனமேரி கொழுந்து பறிக்கிறவள். வயிற்றில் இரண்டாவது பிள்ளை, ஆறு மாதம். கணவன் அந்தோணி தேயிலை பாக்டரியில் வேலை. மேரி கிளினிக்குக்குத் தவறாமல் வருவாள், மாத்திரையை வாங்குவாள், "போடுறேன், மிஸி" என்பாள். ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் கடுதாசி மாதிரி வெளுப்பு. இரத்தத்தைச் சோதித்தால் போன மாதத்தைவிடக் குறைவு.

மாத்திரை போடுகிற உடம்பில் இரத்தம் குறையுமா? எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஒரு மழை நாளில் அவளுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் சிவப்பாக ஏதோ கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். மாத்திரை. ஒன்றல்ல... ஒரு கை நிறைய. நேர் மேலே மேரி வீட்டுப் பின்கதவு.

"என்ன மேரி இது?"

எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "கோழி இழுத்துட்டு வந்திருக்கும், மிஸி."

"நான் கோழிக்கா மாத்திரை குடுத்தேன்?"

"அத எங்கிட்ட கேட்டா? கோழியத்தான் கேக்கணும்."

கோபம் வந்தது. இவ்வளவு தூரம் மழையில் ஏறி வந்து, நன்மைக்குக் கொடுத்ததைக் கானில் பார்க்கிறேன். நன்றாக ஏசிவிட்டு இறங்கினேன். ஏன் போடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. ஏசுவதுதான் எனக்குத் தெரிந்த சிகிச்சை.

இரண்டு வாரம் கழித்து, காலையில் நான் தலை சீவிக்கொண்டிருக்கும்போது அந்தோணி ஓடிவந்தான்.

"மிஸி, மேரிக்கு வயித்தால போகுது. விடிஞ்சதுலருந்து எட்டு தடவ. எந்திரிக்க முடியல்ல."

ஏழு மாதக் கர்ப்பிணி. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மேரி பாயில் சுருண்டு கிடந்தாள். நாக்கு வறண்டிருந்தது. கையின் மேல்தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் இறங்கியது. வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை அசைந்தது. ஆனால் கர்ப்பப்பை விட்டு விட்டு இறுகியது... அதுதான் எனக்குப் பயம்.

"என்ன சாப்பிட்ட?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூலையில் ஒரு போத்தல். எடுத்து மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய். பாதிக்கு மேல் காலி.

விளக்கெண்ணெய் குடலை மட்டும் கலக்குவதோடு நிற்காது. கர்ப்பப்பையையும் கிளப்பிவிடும். ஏழு மாதத்தில் பிரசவ வலி வந்தால், அந்த மலையிலிருந்து வாகனம் பிடித்து, வழியில் யுத்தகாலத்துச் செக்பொயின்டில் இறங்கி அடையாள அட்டை காட்டி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் கதி என்ன?

அந்தோணி கையைப் பிசைந்தான். "போறத நிப்பாட்டுற மாத்திர ஒண்ணு குடுங்க, மிஸி."

"கூடாது. உள்ள போன எண்ண வெளிய வரட்டும். போற தண்ணிய நாம திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

அவன் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவன் பக்கமும் நியாயம்தானே? கேட்காதபோது மாத்திரையைத் திணிக்கிறவள், கேட்கும்போது கொடுக்க மாட்டேன் என்கிறாள். எந்த மனுஷனுக்குத்தான் சந்தேகம் வராது?

கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைசல் பாக்கெட்டைக் கலக்கினேன். கடகடவென்று குடித்தால் வாந்தி வரும். ஒவ்வொரு வாயாகக் கொடுத்தேன், ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும். நடுவில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. அந்தோணி இரண்டு செவ்விளநீர் கொண்டுவந்தான். இடது பக்கமாகப் படுக்க வைத்து, என் கைக்கடிகாரத்தைப் பார்த்து வயிறு இறுகும் நேரத்தைக் குறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் இறுக்கம் தளர்ந்தது. சிறுநீர் போனாள். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் மேரி வாயைத் திறந்தாள்.

"உள்ள இருக்குற கருகுனதெல்லாம் கழுவிப் போகட்டும்னுதான் குடிச்சேன், மிஸி."

"என்ன கருகினது?"

"ஒங்க மாத்திர. நீங்க ஏசின பொறகு நாலு நாளு போட்டேன். வெளிக்குப் போனா கரி மாதிரி கறுப்பா வருது. அதுவும் மூணு நாளைக்கு ஒருக்கா, கல்லு மாதிரி. புள்ளப்பைய எரிக்கிற மாத்திரன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம ஆளுக பெருகக் கூடாதாம்ல?"

"நானும் தோட்டத்துல பொறந்தவதானே, மேரி? நான் ஒனக்கு அப்படிச் செய்வேனா?"

"நீங்க செய்ய மாட்டீங்க. ஒங்ககிட்ட குடுத்து விடுறவங்க?"

இரும்புச்சத்து போட்டால் மலம் கறுக்கும், கட்டும், அது சாதாரணம் என்று விளக்கினேன். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க போட்டுருக்கீங்களா, மிஸி?"

எத்தனை நூறு பேருக்குக் கொடுத்திருப்பேன்! ஒன்றுகூட விழுங்கியதில்லை.

"நாளையிலருந்து போடுறேன். ஒன் பாக்கெட்டுலருந்தே."

மறுநாள் முதல் தினமும் அவள் வீட்டு வாசலில் நின்று ஒரு மாத்திரை விழுங்கினேன். தண்ணீர் அவள்தான் தருவாள். விழுங்கியதும் "ஆ காட்டுங்க" என்பாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் எனக்கும் மலம் கறுத்தது. சொன்னேன்.

"வாயால சொன்னா?" என்றாள் மேரி.

இதற்கு மேல் சாட்சிக்கு நான் எங்கே போவது? நீங்களே சொல்லுங்கள்!

நான்காம் நாள் எனக்கு வெளிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாளும் போகவில்லை. ஆறாம் நாள் காலை வயிறு பாறையாகி, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு. மெதுவாக மலையேறி அவள் வாசலுக்கு வந்தேன். மேரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னும் போகல்லதானே?"

"எப்படித் தெரியும்?"

"மொகத்துலயே எழுதியிருக்கே, மிஸி!" சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் ஒரு பப்பாசித் துண்டு கொண்டுவந்து கையில் வைத்தாள். "தின்னுங்க. பாவம்."

அதன் பிறகு எனக்கு மாத்திரை போட்டுக் காட்டும் வேலை இருக்கவில்லை. பேசத்தான் இருந்தது. "தண்ணி நிறைய குடிக்கணும்" என்று நான் எல்லோருக்கும் சொல்வேன் அல்லவா? மேரி கேட்டாள்:

"மலையில குடிச்சா, எங்க போறது?"

காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் மத்தியானம் வரை ஒதுங்க இடமில்லை. மறைவு என்று போனால் அட்டைக் கடி. அதனால் பெண்கள் குடிப்பதே இல்லை. சாப்பாடு கோதுமை மா ரொட்டியும் சம்பலும். வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். அதன் மேல் இரும்பு மாத்திரையும் போனால் கட்டாமல் என்ன செய்யும்? இத்தனை வருடமும் அந்த மலையைத் தினம் பார்த்தவள் நான். ஒரு நாளாவது யோசித்தேனா?

பழக்கத்தை மாற்றினோம். பால் சேர்க்காத பிளேன்டீயோடு மாத்திரையை விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. சாயந்தரம் சாப்பிட்ட பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு. வேலை விட்டு வந்ததும் இரண்டு கிளாஸ் தண்ணீர். ரொட்டியோடு முருங்கைக்கீரையோ பொன்னாங்காணியோ ஏதாவது ஒன்று. விடிந்ததும், வந்தாலும் வராவிட்டாலும், அவசரமில்லாமல் ஐந்து நிமிடம் உட்காருவது. அப்படியும் போகாவிட்டால் டிஸ்பென்சரியில் இருக்கும், மலமிளக்கும் வெள்ளை மருந்து, நான் அளந்து கொடுக்கிற அளவுதான். விளக்கெண்ணெய்ப் போத்தலை அந்தோணியே தூக்கி எறிந்தான். கீழ் மலையில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு கட்டித் தரச் சொல்லித் தோட்டத்து ஒஃபிஸுக்கு நான்கு தடவை நடந்தேன். தகரமும் சாக்குமாக ஒன்று கிடைத்தது. பெண்கள் தண்ணீர்ப் போத்தலோடு மலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

ஒன்பதாம் மாதம் மேரியின் இமைக்குள் சிவப்பு. கானில் மாத்திரை இல்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பெண் பிள்ளை. அரசாங்க ஆஸ்பத்திரியில், நல்ல எடையோடு. மறுநாள் பார்க்கப் போனேன். நான் கிளம்பும் நேரத்தில் வாட்டு நர்ஸ் இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துக் கொண்டுவந்தார். நாளைக்கு வீட்டுக்குப் போவதற்காம். எல்லாம் சிங்களத்தில். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி அடையாளம்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "போட்டுடு, மேரி" என்றேன்.

அவள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "நீங்க படிச்சிட்டீங்களா, மிஸி?"

இவளுக்கு இன்னுமா சந்தேகம் என்று சலிப்போடுதான் தாள்களை வாங்கினேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். முதல் தாள், வீட்டுக்குப் போவதற்கு. இரண்டாவது, பிள்ளையின் விபரம். மூன்றாவது...

மூன்றாவதை இரண்டு தடவை படித்தேன். இனிப் பிள்ளை உண்டாகாமல் இருக்கச் செய்யும் ஆபரேஷனுக்குத் தன் விருப்பத்தோடு சம்மதிப்பதாக எழுதியிருந்தது.

நர்ஸிடம் கேட்டேன், இதைப் பற்றி இவளிடம் பேசினீர்களா என்று.

"ஒக்கொம அத்சன் கரனவா, மிஸ்" என்றார். எல்லோரும் போடுகிற கையெழுத்துத்தானாம். குரலில் கெடுதல் எதுவும் இல்லை. காலையில் மேரிக்குக் கஞ்சி வாங்கி ஊட்டியவரும் அவர்தான். தவறுதலாகச் சேர்ந்த தாளா? யாரோ சேர்க்கச் சொன்னதா? இரண்டு பிள்ளை போதும் என்று நல்லது நினைத்துச் செய்ததா? தெரியாது. இன்றுவரை தெரியாது.

"என்ன மிஸி எழுதியிருக்கு?"

இவள் நம்ப வேண்டும் என்பதற்காக ஆறு நாள் மாத்திரை விழுங்கி வயிறு கட்டிக் கிடந்தவள் நான். அந்த நம்பிக்கையை வைத்தே அரை நிமிடத்துக்கு முன்னால் "போட்டுடு" என்று சொன்னவளும் நான்தான். உள்ளதைச் சொன்னேன்.

மேரி கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவதை நர்ஸிடமே நீட்டி, படிக்க வராவிட்டாலும் பேச நன்றாக வரும் சிங்களத்தில், வீட்டுக்காரரோடு பேசாமல் போட முடியாது என்றாள். நர்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த வாட்டில் அத்தனை சாதாரணமாக இந்தப் பக்கம் திரும்பியது. நான் பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

அதற்கு முன் எத்தனை பெண்களிடம் "போட்டுடு" என்று சொல்லியிருப்பேன்? எண்ணிப் பார்க்கப் பயம்.

மூன்று வருடம் கழித்து மேரிக்கு ஒரு ஆண் பிள்ளை. அது பிறந்து இரண்டு மாதத்தில் அவளும் அந்தோணியும் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள்.

"மூணு போதும், மிஸி. நாங்க பேசிட்டோம். அந்த ஆபரேஷன எனக்குச் செய்யச் சொல்லுங்க. ஆனா, தாளு தமிழ்ல வேணும்."

தமிழில் அந்தப் படிவம் என் கைக்குக் கிடைக்கவில்லை. நானே உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் எழுதினேன். மேரி விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக முழுவதையும் படித்தாள். அந்தோணியிடம் கொடுத்தாள். அவனும் படித்தான். சிங்களத் தாளை அதன் பக்கத்தில் வைத்து, வரிகளின் எண்ணிக்கை சரியா என்றுகூடப் பார்த்தாள்.

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இதுல உள்ளதுதான் அதுலயும் இருக்குன்னு எழுதி, மொதல்ல நீங்க கையெழுத்து போடுங்க, மிஸி."

போட்டேன். வேறென்ன செய்ய?