ஒரு கால் கழுகு, ஒரு கால் சாவி

தோட்டத்து ஸ்கூலுக்கு நான் போனது ரொம்ப கொஞ்ச நாளு. தமிழு தட்டுத்தடுமாறி வந்துச்சு. இங்கிலீசு என்னைப் பாத்ததும் வேற ரோட்டுல திரும்பிப் போயிருச்சு. அதனால ஜீன்ஸ் கம்பெனி பேரு ஒன்னும் எனக்கு வாசிக்கத் தெரியாது. இடுப்புக்குப் பின்னாடி தச்சிருக்கற தோல் துண்டுல என்ன படம் இருக்கோ அதான் எனக்குப் பேரு. கழுகு. சாவி. மாட்டுத்தல.

எழுவதாம் வருசங்க முடிஞ்சு எம்பது பொறந்த நேரம் அது. ஈப்போ டவுன் பையங்க கழுகு போட்டா உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் கழுகுதான் போடுவானுங்க. கழுகு சிலுவாருக்கு, அதான் கால்சட்டைக்கு, மேல சாவி சட்ட போட்டா சாதி கெட்டுப் போன மாதிரி பாப்பானுங்க. எனக்கு அந்தக் கவலையே இல்ல. என்கிட்ட ஒன்னுமே இல்லல்ல.

நானும் அக்காவும் மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவுல ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருக்கற லயத்துல கடைசி வீடு எங்களுது. காலையில ரெண்டு பேரும் பால் வெட்டப் போவோம். மத்தியானத்துக்கு மேல அக்கா தையல் மெசின்ல உக்காந்து லயத்துக்கே ரவிக்க தைக்கும். நான் அது பக்கத்துல படுத்துக்கிட்டு தலமுடி சீவுவேன். ஆளு பாக்க ஒன்னும் சொல்லிக்கற மாதிரி இல்ல. மூக்கு ஒரு பக்கம், பல்லு ஒரு பக்கம். காலு மட்டும் நல்லா நீட்டமா இருக்கும். ஆண்டவன் கீழேருந்து செய்ய ஆரம்பிச்சு, மேல வர்றதுக்குள்ள சலிச்சுப் போயிட்டான்னு அக்கா சொல்லும்.

அந்த நீட்டக் காலைத்தான் தவுக்கே பாத்தாரு. தவுக்கேன்னா ஈப்போவுல ஜீன்ஸ் கட வச்சிருந்த சீனரு. லீவு நாள்ல நான் போயி அவரு கட கண்ணாடிய வேடிக்க பாத்துக்கிட்டு நிப்பேன். ஒரு நாளு வெளிய வந்தாரு. திருடன்னு தொரத்தப் போறாருன்னு நெனச்சேன்.

"தம்பி, நீ தோட்டமா?"

"ஆமா தவுக்கே. எப்படித் தெரியும்?"

"வாசம் வருது லா."

ரப்பர் பால் வாட. எவ்ளோ சவுக்காரம் போட்டாலும் போவாது. நான் வெக்கப்பட்டேன், அவரு சிரிக்கவே இல்ல. புது ஜீன்ஸு பலக மாதிரி மொரமொரன்னு இருக்கும், டவுன் பையங்களுக்கு வெளுத்துப் போனதுதான் வேணுமாம், கூட காசு குடுத்தே வாங்கறானுங்களாம். வேல செஞ்ச ஆளு மாதிரி தெரியணும், ஆனா வேல செய்யக் கூடாது. அதுக்கு நடுவுல யாராவது செய்யணும்ல. அதான் நானு.

"நீ போடு. வேல செய். ஆத்துல கல்லுல அடிச்சுத் தொவ. நல்லா வெளுத்ததும் கொண்டா. கற மட்டும் படக் கூடாது, ஓக்கே?"

அப்படித்தான் தோட்டத்துலயே முதல் தடவையா ஒருத்தன் ஜீன்ஸு போட்டு பால் வெட்டுனான். ஒரு வாரம் கழுகு, மறுவாரம் சாவி. பக்கத்து வீட்டு மச்சான், லயத்துல எனக்கு ஒரே கூட்டாளி, கேப்பான்: "டேய், ஆபீசு பெரிய கிராணி வாராரா, எந்திரிச்சு நிக்கணுமா?" நானும் ஒரு கைய பாக்கெட்டுல விட்டுக்கிட்டுத்தான் மரம் வெட்டுவேன். உளி ஒரு பக்கம் போவும், நான் ஒரு பக்கம் போவேன். பால் வாளி தூக்கறப்ப மட்டும் ஜீன்ஸ கழட்டி மரக்கொப்புல தொங்க விட்டுட்டு அரக்கால் சிலுவாரோட ஓடுவேன். அவ்ளோ பத்திரம்.

ஒரு நாளு காலையில திடீர்னு வானம் கறுத்துருச்சு. மழ விழுந்தா மரத்துல கட்டியிருக்கற மங்குல சேந்த பால் எல்லாம் வழிஞ்சு போயிரும், அன்னிக்கு வெட்டுனது வீணு. எல்லாரும் வாளியத் தூக்கிட்டு ஓடுனாங்க. கழட்ட நேரம் இல்ல. நானும் கழுகோட ஓடுனேன். மேட்டுல வழுக்கி, முழு வாளியும் வலது கால்ல.

இங்கதான் என் படிப்பு வேல செஞ்சுச்சு. மங்குல காஞ்ச பால நாம எப்படி எடுப்போம்? ஒறஞ்சதும் உரிச்சா ஒட்டுப்பாலா முழுசா வந்துரும். அப்ப துணியில இருக்கறதயும் ஒறைய வச்சா உரிச்சு எடுத்துரலாமேன்னு ஸ்டோர்லேருந்து பால் ஒறைய வைக்கற ஆசிட்ட கொஞ்சம் கொண்டு வந்து ஊத்துனேன். தண்ணி கலக்கணும்னு தோணல. ஒறஞ்சுச்சு. பெருமையா புடிச்சு இழுத்தேன். பாலும் வந்துச்சு, துணியும் வந்துச்சு, தொடையில கொஞ்சம் தோலும் வந்துச்சு.

சாவிய நான் வேற மாதிரி கொன்னேன். மழக்காலத்துல தொவச்சது காயவே மாட்டேங்குது. ரப்பர் ஷீட்டுக்குப் பொக போடற வீடு ராத்திரி பகலா கதகதன்னு இருக்குமே, அங்க கொண்டு போயி ஷீட்டோட ஷீட்டா தொங்க விட்டுட்டேன். எடுக்கறப்ப ஒரு கால் நெருப்புக்குக் கிட்ட தொங்கி, காஞ்ச கருவாடு நெறத்துல இருக்கு. மோந்து பாத்தா எனக்கே இருமல்.

தவுக்கே ரெண்டையும் மேசையில விரிச்சுப் பாத்தாரு. திட்டல. மூக்க மட்டும் பொத்திக்கிட்டாரு. "எடுத்துட்டுப் போ தம்பி. உனக்குத்தான். எனக்கு வேணாம்." வாழ்க்கையில முதல் தடவையா எனக்குன்னு ரெண்டு ஜீன்ஸு. ரெண்டுலயும் ஒரு கால்தான் உருப்படி.

அந்த வருசம்தான் தோட்டத்த வித்துட்டாங்க. புது மொதலாளி மரத்த எல்லாம் சாச்சுட்டு எண்ண எடுக்கற செம்பன போடப் போறாராம், ஆளு வெளியேருந்து வருதாம், லயத்த காலி பண்ணணுமாம். காலையில பேரு கூப்புடற பெரட்டுல நிக்க வச்சு சொன்னாங்க. சித்தியவான்ல இருக்கற எங்க மாமா ஆளு விட்டு சொல்லி அனுப்புனாரு. அங்க ஒரு மீன் யாவாரி, பொண்டாட்டி செத்துட்டா, புள்ளைங்க மூணு. அக்காவ கட்டிக் குடுத்துட்டா ஒரு கவல தீரும்னாரு.

அக்கா சோத்துல கை வச்சுக்கிட்டே சொல்லுச்சு: "எனக்கு மீன் கவிச்சியே ஆவாதுடா."

"அப்ப வேணாம்னு சொல்லு."

"சொல்லிட்டு எங்க படுக்கறது? பால்மரத்துலயா?"

அடுத்த தடவ ஈப்போ போனப்ப தவுக்கேகிட்ட வேல கேட்டேன். அவரு கடையில நின்ன பையன் சிங்கப்பூருக்குப் போவப் போறான்னு எனக்குத் தெரியும். தவுக்கே தல சொறிஞ்சாரு. "சீனப் பெருநாளு முடிஞ்சு வா. பாக்கறேன். நல்லா உடுத்திட்டு வா, தம்பி."

பாக்கறேன்னுதான் சொன்னாரு. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது குடுத்துட்டேன்னு ஆயிருச்சு. ஈப்போவுல, புந்தோங்ல ஒரு ரூம்பு எடுக்கலாம்னு அக்காகிட்ட சொன்னேன். அக்கா நம்பாத மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு கேட்டுச்சு: "மெசின் போட எடம் இருக்குமா? சன்னல் பக்கமா?" அப்பறம் ஒவ்வொரு நாளும் அந்த சன்னல்தான். கெழக்கு பாத்து இருக்கணும், கீழ நடமாட்டம் இருந்தா ரவிக்கைக்கு ஆளு வரும். இல்லாத ரூம்புக்கு தெரச்சீல வேற தச்சு வச்சுச்சு.

நல்லா உடுத்திட்டுப் போவ என்கிட்ட என்ன இருக்கு? அக்காதான் ரெண்டு ஜீன்ஸையும் தரையில போட்டு சுத்திச் சுத்தி பாத்துச்சு. நல்ல கால் ரெண்டையும் சேத்துத் தச்சுத் தரேன்னுச்சு. நாந்தான் வேணாம்னேன். "கெட்ட கால சேத்துத் தை."

"உனக்கு மூள இருக்கா?"

"நல்ல காலு டவுன்ல எல்லார்கிட்டயும் இருக்குக்கா."

அக்கா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. அப்பறம் கத்திரிக்கோல எடுத்துச்சு. வலது கால் ஆசிட்டு தின்ன கழுகு, எடது கால் பொகையில வெந்த சாவி. மொழங்கால்ல மாட்டுத்தல பாக்கெட்டு, அது ராத்திரிச் சந்த, பசார் மாலாம்ல வாங்குன ஓட்ட சிலுவார்லேருந்து வெட்டுனது. தையல ஒளிக்காம, ஷீட்டு மூட்ட கட்டற தடிச்ச நூல்ல வெளிய தெரியற மாதிரி தச்சுச்சு. மேல கை வெட்டுன சட்ட, கால்ல பால் வெட்டுக்குப் போற ரப்பர் சப்பாத்து. பஸ்ஸுக்கு நின்னப்ப மச்சான் சொன்னான்: "ரெண்டு பேர வெட்டி ஒருத்தனா தச்ச மாதிரி இருக்கடா. பொணமாச்சும் முழுசா இருக்கும்."

கடையில நொழஞ்சேன். உள்ள நாலஞ்சு டவுன் பையங்க. எல்லாரும் திரும்பி என் காலப் பாத்தானுங்க. ஒருத்தன் கிட்ட வந்து என் தொடையத் தொட்டான். ஆமா, தொட்டான். என்னைய இல்ல, துணிய. "அண்ணே, இது எங்க வாங்குனீங்க?" என்னைய அண்ணேன்னு டவுன்காரன் கூப்புட்டது அதான் மொதலு. தவுக்கே கண்ணாடிய மாட்டிக்கிட்டு என்னைய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. குனிஞ்சு தையலப் பாத்தாரு. எனக்கு அப்பவே புந்தோங்ல சன்னல் தொறந்துருச்சு.

பையங்க போனதும் உக்கார வச்சு கோப்பி குடுத்தாரு. "தம்பி, கோவிச்சுக்காத. இந்த சிலுவார முன்னாடி தொங்க விட்டா ஆளு வரும். நீ நின்னா வராது."

"நான் குளிச்சுட்டு வாரேன் தவுக்கே."

"வாசம் இல்ல லா." அப்பறம் கோப்பியக் கலக்கிக்கிட்டே சொன்னாரு. "இந்தப் பையங்க தோட்டக்காரன் மாதிரி உடுத்தணும்னு வாரானுங்க. நெஜ தோட்டக்காரன் நின்னா ஓடிருவானுங்க. நான் என்ன செய்ய?"

கெட்ட மனுசன் இல்ல. அதான் தாங்க முடியல. அடிச்சிருந்தா லயத்துல வந்து கதயாச்சும் சொல்லியிருக்கலாம். சிலுவார கேட்டாரு, குடுத்தேன். கையில கொஞ்சம் காசு சொருகுனாரு. வெறும் காலோட பஸ் ஏற முடியாதுல்ல, அதனால ஒரு புது கழுகு குடுத்தாரு. போட்டுக்கிட்டு வெளிய வர்றேன், பின்னாடியே கத்துறாரு: "கற படக் கூடாது, ஓக்கே?"

வீட்டுல அக்கா மெசின்ல இருந்துச்சு. என் மொகத்தப் பாக்கல, சிலுவாரத்தான் பாத்துச்சு. மொரமொரன்னு புதுசு. தெரச்சீலைய மடிச்சு ட்ரங்கு பொட்டியில அடியில வச்சுச்சு.

அக்காவ கட்டிக் குடுக்க சித்தியவானுக்குப் போற அன்னிக்கு ஈப்போவுல பஸ் மாறணும். மெசினு முன்னாடியே லோரியில போயிருச்சு. மாமா டிக்கட்டு எடுக்கப் போயிருந்தாரு. அக்கா கேட்டுச்சு, அந்தக் கட எங்கன்னு. காட்டுனேன். அக்கா தச்ச சிலுவாரு அங்க கண்ணாடிக்குள்ள தொங்குது, இடுப்புல கம்பி கட்டி, கீழ மஞ்ச லைட்டு. எங்க லயத்து வீட்டுல கூட அப்படி ஒரு லைட்டு இல்ல.

அக்கா கண்ணாடிகிட்ட மொகத்த வச்சு பாத்துச்சு. "மொழங்கால் கிட்ட ஒரு நூலு முடிச்சுப் போடாம விட்டிருக்கேன்டா. பிரிஞ்சுரும்"னுச்சு.

"பிரிஞ்சா பிரியட்டும் விடுக்கா."

"உள்ள போயி கேளு. ஒரு நிமிசம்தான். என்கிட்ட ஊசி இருக்கு."

மடியிலேருந்து ஊசிய எடுத்து நூலு கோத்துக்கிட்டே நிக்குது. உள்ள புதுப் பையன், சீனப் பையன், நல்ல மொகம், எங்களப் பாத்து கைய ஆட்டுனான், கண்ணாடியத் தொடாதீங்கன்னு. நான் கதவுகிட்ட போனேன். கைப்பிடிய பாத்தேன். என் கால்ல இன்னும் தவுக்கேவோட கழுகுதான். வெளுக்கவே ஆரம்பிக்கல.

மாமா அந்தப் பக்கத்துலேருந்து கூப்புட்டாரு, பஸ் பொறப்படப் போவுதுன்னு. அக்கா கோத்த ஊசிய சேல முந்தானையில குத்திக்கிட்டு நடந்துச்சு. பஸ்ல சன்னல் பக்கம் எடம் கெடச்சுச்சு அதுக்கு.