டம்ளர் கழுவாத வகுப்பு

கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைத் துணி விரல்களுக்கிடையே மடியும்போது எழும் மொரமொரப்பும், அதன் லேசான புளித்த வாசமும்தான் எனக்குப் பதினோராம் வகுப்பு. திண்டுக்கல்லில் நான் படித்த பெண்கள் பள்ளியில் அப்போது உணவக மேலாண்மை ஒரு தொழிற்பிரிவுப் பாடமாக இருந்தது. எல்லோரும் அதைக் "கேட்டரிங் குரூப்பு" என்பார்கள். கணக்குப் பிரிவுக்குப் போதுமான மதிப்பெண் இருந்தும் நான் அதைக் கேட்டு வாங்கியதில், சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டு அடுப்படியில் கிடைக்கிற படிப்புக்கு பஸ் ஏறிப் போவானேன் என்று அம்மாவிடம் முனகுவார். இருநூறு பேருக்கான பந்தியை எப்படித் திட்டமிடுவது, ஆக்கிய குழம்பை எவ்வளவு நேரத்துக்குள் பரிமாற வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் அடுப்படியில் யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. ஆசிரியர்கள் டீ குடித்து முடித்ததும் "கேட்டரிங் பிள்ளைகளக் கூப்பிடு" என்று ஆள் வரும். நாங்கள் பன்னிரண்டு பேரும் முறைவைத்து, செய்முறை வகுப்பைப் பாதியில் விட்டுப் போய், எச்சில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவோம். என் முறை வந்த ஒருநாள், ஆசிரியர் அறைக்குப் போய், ஆளனுப்பிக் கூப்பிட்ட கணக்கு ஆசிரியர் முன்னால் நின்றேன்.

"கழுவுறதும் எங்க பாடந்தான் சார். எங்க டீச்சர் சொன்னாக் கழுவுவோம். நீங்க குடிச்ச டம்ளர எங்க வகுப்பு நேரத்துல கழுவ மாட்டோம்."

மறுநாள் பள்ளியிலிருந்து வரச் சொல்லி, அப்பா பூப்பறிப்பைப் போட்டுவிட்டு வந்து நின்றார். தலைமையாசிரியை என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் தலை குனியவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"பிள்ள சொன்னதுல எது தப்புன்னு சொல்லுங்கம்மா. கேக்கச் சொல்றேன்."

மன்னிப்புக் கேட்கும்வரை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் வந்தது. இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள், தற்காலிக வேலையில் இருந்த எங்கள் கேட்டரிங் டீச்சர், மற்றப் பிள்ளைகளை மேசையைத் தூக்கிவரச் சொல்லி, ஆசிரியர் அறைக்கு நேரெதிரே வராந்தாவில், என் பக்கத்திலேயே பாடத்தைத் தொடங்கினார். வெளியே நிற்கத்தானே சொன்னார்கள், படிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்றார். அந்த வாரத்தின் மீதி நாளெல்லாம் எங்களுக்கு வராந்தாவில்தான் வகுப்பு. திங்கட்கிழமை உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, டம்ளருக்கும் ஆள் வரவில்லை. ஆனால் மறு வருடம் அந்த டீச்சரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது நத்தம் சாலையில் ஒரு மருத்துவமனையின் சமையல்கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு நோயாளிக்கும் தட்டு போகாது. இந்த ஜூனில் மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்க அதே பள்ளிக்குப் போனேன். பிரிவுகளின் பட்டியலில் எங்கள் பாடம் இல்லை. நாங்கள் சாப்பாட்டு மேசைக்குத் துணி மடித்துப் பழகிய அறையில் கணினிகள் இருந்தன. அலுவலகத்தில் கேட்டபோது, யாரும் கேட்காததால் எடுத்துவிட்டோம் என்றார்கள்.

"நான் கேக்குறேன்" என்றேன். மகள் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள், அது அவள் விருப்பம். நான் அங்கேயே ஒரு தாள் வாங்கி, அந்தப் பாடத்தைத் திரும்பத் தொடங்கக் கோரி மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துத் தரும்வரை நகரவில்லை. பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது மனுவில் என்னோடு படித்த ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதி இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.