மச்சான்கொல்லி

தையல்காரியின் தம்பி கறிக்கடை வைத்திருந்தான். புருஷன் லாரிப் பட்டறை. இரண்டுக்கும் நடுவில்தான் வீடு. இருவருக்கும் சமாதானம் பேசிப் பேசியே அவளுக்கு நாக்கு வறண்டது. பட்டறைக்குப் பின்னால் இருந்த சரிவில் தம்பி ஆடுகளை மேயவிடுவான். அவை உள்ளே புகுந்து லாரி சீட்டைக் கடித்துக் குதறும். ஒருநாள் புருஷன் தெருவே கேட்கக் கத்தினான்.

"உன் ஆடு இன்னொரு தடவை உள்ள வரட்டும். விஷம் வச்சுடறேன் பாரு."

ஆத்திரத்தில் சொன்னதுதான். பொறியில் விழுந்த எலியைக்கூடத் திறந்துவிடுகிற ஆள் அவன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சரிவில் புல் கருகி, முழங்கால் உயரப் புதர் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. அவரைப்பூ வடிவத்தில் மஞ்சள் பூ, நடுவில் சிவப்பு. காலங்காலமாக அங்கேயே முளைத்தும் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஒரு காலையில் ஆடுகள் வாயில் நுரை தள்ளி வரிசையாகச் செத்துக் கிடந்தன.

தம்பி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கறி வெட்டும் கத்தியோடு நேராகப் பட்டறைக்குப் போனான். அலறல் கேட்டு அவள் ஓடியபோது, லாரிக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த புருஷனைத் தம்பி காலைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.

"விடுடா. அவரு ஒண்ணும் பண்ணலடா."

"தள்ளிப் போக்கா."

குறுக்கே நீட்டிய அவள் கையில் முதல் வெட்டு விழுந்தது. அடுத்தது புருஷனின் கழுத்தில் இறங்கியது. "நான் வைக்கலடி" என்று அவள் மடியில் கிடந்து சொன்னான். அதோடு சரி.

போலீஸ் வரச்சொன்ன கால்நடை டாக்டர் ஒரு ஆட்டின் வயிற்றைக் கிழித்தார். உள்ளே மஞ்சள் பூவும் இலையுமாக அடைத்திருந்தது.

"யாரும் விஷம் வைக்கல. செடியே விஷம்தான். இங்க இதுக்கு என்ன பேரு?"

கூட்டம் முழித்தது. கையில் கட்டோடு நின்ற தையல்காரிதான் சொன்னாள்.

"மச்சான்கொல்லி."

பெயர் ஒட்டிக்கொண்டது. "அந்தப் பக்கம் ஆட்டை விடாத, மச்சான்கொல்லி பூத்திருக்கு" என்று யாரோ சாதாரணமாகச் சொன்னது முதன்முதலில் காதில் விழுந்தபோது, கத்திரிக்கோலைச் சுவரில் எறிந்தாள். போகப்போக அதுவும் மரத்துவிட்டது. மடங்காத விரல்களோடு மறுபடி தைக்கப் பழகினாள்.

தண்டனை முடிந்து தம்பி வாசலில் வந்து நின்றான். "அக்கா" என்றான்.

அளவெடுக்கும் மரக்கோலை எடுத்து முகத்திலேயே அடித்தாள். தோள், முதுகு என்று கண்ட இடத்தில் விழுந்தது. கோல் முறிந்தது, முறிந்த துண்டாலும் அடித்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தும் அவன் கையைத் தூக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

எங்கோ மூட்டை தூக்கிப் பிழைக்கிறான் என்று பிறகு சொன்னார்கள். எந்த ஊர் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.