மில் ஓடும்போது பேசும் ஜெபமலர்

பனச்சமூட்டில் என் தையல்கடைக்கு அடுத்த மாவுமில் சுந்தரதாஸுடையது. நல்ல மனிதர், பிடிவாதத்தில் மட்டும் கழுதை தோற்றுவிடும். மிளகாய் பொடித்த கல்லில் ஒரு பிடி அரிசி ஓட்டாமல் அடுத்தவரின் புட்டுமாவைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர், மனைவி ஜெபமலர் இறந்தபின் மில்லில் ஒன்றும் போடாமல் வெறுமனே ஓட்ட ஆரம்பித்தார். வெறும் ஓட்டத்தில் கல் தேயும் என்பது மில்காரருக்குத் தெரியாதா?

"எதுக்காக்கும் சும்ம ஓட்டுதிய?" என்று கேட்டேன்.

"அவ பேசுதா. மில்ல நிறுத்தினா அவளும் நிறுத்திருவா."



மகள் ஷெமி அவரை நெய்யாற்றின்கரைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அதைப் பேய் என்று சொல்லவில்லை. இரைச்சலில் பேச்சின் மெல்லிய ஒலிகள் அமுங்கிப்போகும். காது தவறவிட்டதை மூளை தனக்குப் பழகியதைக்கொண்டு நிரப்பிக்கொள்ளும். சிலருக்குப் பேச்சே இல்லாத இரைச்சலிலும் குரல் எழும் என்றார். இத்தனை வருஷ மில் சத்தத்தில் சுந்தரதாஸின் காதும் மங்கியிருந்தது. இனி மில்லுக்குள் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும் என்றார். சுந்தரதாஸ் தலையாட்டிவிட்டு வந்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"செத்த அம்மைக்க குரலு அப்பாக்குக் கேக்குது. உயிரோட நிக்கிய எனக்க குரலு கேக்கல்ல, மாமா" என்று ஷெமி என்னிடம் அழுதாள்.

ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அவள் துப்பட்டா மில் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. "அப்பா! அப்பா!" என்ற அலறல் என் கடைவரை கேட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அவள் கழுத்தில் சிவப்பாகத் தடம். கைக்கெட்டும் தூரத்தில் சுந்தரதாஸ் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றிருந்தார். சத்தம் நின்றதும் என்மேல் பாய்ந்தார்.

"எதுக்கு டெயிலரே நிறுத்தினீரு? இப்பம்தான் வாய்நெறய என்னைய விளிச்சா!"

பெற்ற மகளின் அலறல் அவருக்கு ஜெபமலரின் அழைப்பாகக் கேட்டிருக்கிறது.

அதன்பின் ஷெமி அழவில்லை. மில்லை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நேற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் என் கடையை ஒட்டிய மில் வாசலில் வந்து நின்று, லேசாகச் செருமினாள்.

"கேட்டியளா, சோறு ஆறுது. வாருங்க."

அம்மை அவரைக் கூப்பிடும் அதே இழுப்பு, அதே செல்லக் கோபம். ஜெபமலர் வந்து நின்றதுபோல் எனக்கே ஊசி நழுவியது; எட்டிப் பார்த்தேன். சுந்தரதாஸ் சட்டென்று திரும்பினார். மகளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் தேடினார்.

"வாறேன் மலரு" என்றார்.

ஷெமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் வாருங்க" என்றாள், அதையும் அம்மையின் குரலிலேயே.