அம்மா மார்க்கெட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ஈரக் கொத்தமல்லியும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாசனை... காந்தி மார்க்கெட் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதுதான் முகத்தில் அடித்தது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் காய்கறி வாங்குவது ஆண்களின் வேலை. அம்மாவுக்குக் கோயில் தெரியும், காவேரி தெரியும். பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போவது கல்யாணம் கார்த்திகைக்கு மட்டும்தான்.

அந்த வருஷம் காவேரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் அப்பா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாமா வாங்கித் தந்த கத்திரிக்காயில் பாதி சொத்தை. இரண்டு வாரம் பொறுத்த அம்மா, மூன்றாவது ஞாயிறு பையை எடுத்துவிட்டாள்.

"உனக்கு அங்கே வழி தெரியாதேடி" என்றார் அப்பா.

"கேட்டுண்டு போறேன்."

மார்க்கெட்டில் அம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து சேனையும் வாழைக்காயும் விற்ற பாப்பாத்தி என்ற அம்மாள்தான் சொன்னாள்.

"கொஞ்சம் சத்தமா கேளுங்கம்மா. இங்க எல்லாரும் கத்திக்கிட்டுத்தான் இருக்கோம்."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வாழைக்காய் பிஞ்சா குடுங்கோ" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நானும் அதுவரை கேட்டதில்லை.

வீட்டில் அப்பா வாழைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்னாருக்கே. யார் பொறுக்கினா?"

"நான்தான்."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் காயோடு சேதியும் வந்தது. லால்குடி வாய்க்காலில் தண்ணீர் விட்டது, சமயபுரத்துக் கூட்டம், பாப்பாத்தியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது... அந்தப் பெண்ணுக்கு அம்மா பிரசவ லேகியம் கிளறி எடுத்துப் போனாள்.

அப்பாவின் கால் கூடிவிட்டது. ஒரு ஞாயிறு சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பை அதற்குள் அம்மாவின் தோளில் இருந்தது.

"ஏன்னா, உங்களுக்குக் கால் இன்னும் சரியாகலை. நீங்க இருங்கோ. நான் போய்ட்டு வரேன்."

முதல் நாள் சாயங்காலம்தான் அவர் உத்திர வீதியைச் சுற்றி நடந்துவிட்டு வந்திருந்தார். அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கறிவேப்பிலையை மறந்துடாதே" என்றார்.

அந்தக் கால் பல வருஷம் சரியாகவே இல்லை.

இப்போது நான் வேறு ஊரில், ஏழாவது மாடியில். போனைத் தட்டினால் காய் வாசலுக்கு வந்துவிடுகிறது. கொண்டுவரும் பையன் முகம் பார்ப்பதற்குள் லிஃப்டில் இறங்கிவிடுகிறான். காயும் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன வாரம் முழுக்க நான் வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை என்பது நேற்றுதான் உறைத்தது...